ஷி யென் ஜி என்னும் சீனக் கவிதைக் கொள்கை

ஷி யென் ஜி என்பது சீனச் செவ்வியல் கவிதையியலின் அடிப்படைக் கொள்கை. உள்ளக்கிடக்கையை உரைப்பதே கவிதையின் வேலை என்பது இதன் பொருள். இதிலுள்ள 'ஜி' என்ற சொல் நாட்டம், நோக்கம், மனத்தில் தங்கிவிட்ட எண்ணம், ஒருவர் வாழ்வில் எய்த விரும்பும் நிலை ஆகிய எல்லாவற்றையும் தழுவும். அரசுப்பணியில் ஈடுபட்டு நாட்டைத் திருத்த வேண்டும் என்ற வேட்கையே அவற்றுள் நெடுங்காலம் தலைமை வகித்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சீனத்தில் கவிதையைப் பற்றி எழுதியவர்கள் இக்கொள்கையை ஏற்றார்கள், விரித்தார்கள், தம் வசதிக்கு வளைத்தார்கள். நேருக்கு நேர் மறுத்தவர்கள் மிகச் சிலர். திறனாய்வாளர் ஜூ ஸிச்சிங் (1898–1948) சீனக் கவிதையியல் முழுவதற்கும் இதுவே தொடக்கப்புள்ளி என்று கருதி, இதன் வரலாற்றை ஆராய்ந்து 1947இல் தனி நூலே வெளியிட்டார்.

கவிதை கற்பனைப் படைப்பு என்ற எண்ணத்துக்கு இம்மரபில் பெரிய இடமில்லை. ஒரு பாடலை எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பதவியில் அல்லது எந்த நாடுகடத்தலில் இருந்தார் என்று தெரிந்துகொண்டு படிப்பதே முறை. பாடல் அந்த மனிதரைப் பற்றிய உண்மைச் சான்றாக நிற்கும். சீனக் கவிதைக்குக் கிடைத்த பெருமதிப்புக்கும் சீனக் கவிஞர்கள் பட்ட தொல்லைகளுக்கும் இந்த ஒரே நம்பிக்கைதான் வேர்.

தோற்றம்

கொள்கை முதலில் காணப்படுவது ஷுஜிங் என்ற ஆவணத் தொகுப்பில். அதில் பேரரசர் ஷுன், குவேய் என்பவரை இசைத்துறைக்குத் தலைவராக்கி, பெருங்குடிப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கப் பணிக்கிறார். கவிதை, பாட்டு, பண், சுருதி ஆகியவற்றின் கடமைகளை அவர் வரிசையாகச் சொல்லும்போது கவிதைக்கு வாய்த்த கடமைதான் இது. ஷுன் தொன்மக் காலத்து அரசர். அந்த அத்தியாயமோ ஜோவ் அரசமரபின் பிற்பகுதியில் எழுதப்பட்டது என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே மரபு கூறும் பழைமையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இங்கே கவிதை இசையிலிருந்து பிரியவில்லை என்பதையும், அது கல்வியின் பகுதியாகவும் சடங்கின் பகுதியாகவும் பேசப்படுகிறது என்பதையும் கவனித்தால் போதும்.

கொள்கை நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதை ஸுவோ ஜுவான் என்ற வரலாற்று நூல் காட்டுகிறது. கி.மு. 546இல் சோங் நாட்டில் நடந்த அமைதி மாநாட்டை முடித்துக்கொண்டு, ஜின் நாட்டின் முதலமைச்சர் ஜாவ் வூ ஊர் திரும்பும் வழியில் ஜெங் நாட்டில் தங்கினார். அந்நாட்டு மன்னர் விருந்தளித்தார். உடனிருந்த ஏழு அமைச்சர்களிடம் ஆளுக்கொரு பாடல் சொல்லும்படி ஜாவ் வூ கேட்டார். அவர்களின் உள்ளக்கிடக்கையைத் தாம் அறிய வேண்டும் என்று காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். யாரும் புதிதாக எதையும் இயற்றவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பழம்பாடல்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்வதுதான் வழக்கம். தேர்வே பேச்சு.

ஆறு பேர் விருந்தினரைப் போற்றும், நட்பை வாழ்த்தும், அடக்கத்தைக் காட்டும் பாடல்களைச் சொன்னார்கள். போ யோவ் என்பவர் மட்டும் தகுதியற்ற ஒருவனைத் தலைவனாகக் கொண்டிருப்பதை நொந்துகொள்ளும் பாடலைச் சொன்னார். அவருடைய மன்னர் அதே அவையில் அமர்ந்திருந்தார். படுக்கையறைப் பேச்சு வாசலைத் தாண்டி வரலாகாது என்ற பொருளில் ஏதோ சொல்லி ஜாவ் வூ அப்போதைக்குச் சமாளித்துவிட்டார். பிறகு தம் சகாவான ஷூ ஷியாங்கிடம், கவிதை உள்ளக்கிடக்கையைச் சொல்வது, இவர் உள்ளத்தில் இருப்பது மன்னர்மீதான பழிப்பு, இவர் கொல்லப்படுவார் என்று கணித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, கி.மு. 543இல், உள்நாட்டுச் சண்டையில் போ யோவ் ஆட்டுச் சந்தையில் வெட்டுண்டு இறந்தார். அவர் ஆவி தலைநகர மக்களை அலைக்கழித்ததாகவும், அமைச்சர் ஸி சான் அவர் மகனுக்குப் பதவி கொடுத்து அதை அடக்கியதாகவும் அதே நூல் கூறுகிறது. நடந்து முடிந்த பிறகு எழுதப்பட்ட முன்கணிப்பு என்று இதைத் தள்ளிவிடலாம். எழுதியவர் எதை இயல்பாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் நமக்கு முக்கியம்: ஒருவர் வாயிலிருந்து வரும் பாடல் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கட்டத்தில் 'உள்ளம்' பாடலைச் சொல்பவருடையது. இயற்றியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. பாடலின் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தமக்கு வேண்டிய பொருளில் பயன்படுத்துவதும் குற்றமாகக் கருதப்படவில்லை. அந்த உள்ளம் சொல்பவரிடமிருந்து எழுதியவரிடம் இடம் மாறியதுதான் அடுத்த சில நூற்றாண்டுகளின் கதை.

கன்பூசியஸ் மரபு

அந்தப் பழம்பாடல்களின் தொகுப்பே ஷிஜிங், அதாவது கவித்தொகை. இதில் 305 பாடல்கள் உள்ளன. நாட்டுப்பாடல்களாக 160, அவைப்பாடல்களாக 105, வழிபாட்டுப் பாடல்களாக 40. மூவாயிரம் பாடல்களிலிருந்து கன்பூசியஸ் இவற்றைத் தெரிந்தெடுத்தார் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதினார். இதைப் பிற்கால அறிஞர் பலர் ஐயுற்றனர்.

கன்பூசியஸின் உரையாடல்களில் கவிதை பயன்பொருளாகவே பேசப்படுகிறது. முந்நூறு பாடல்களை மனப்பாடம் செய்தும் தூதுபோன இடத்தில் பதில் சொல்லத் தெரியாதவனுக்கு அப்படிப்பால் என்ன பயன் என்று கேட்கிறார். பாடல்களைக் கற்காவிட்டால் பேசவே வராது என்று தம் மகனைக் கடிந்துகொள்கிறார். உள்ளத்தைக் கிளர்த்தவும், உலகைக் கவனிக்கவும், பிறரோடு கூடி வாழவும், மனக்குறையை முறையாக வெளியிடவும் கவிதை உதவும் என்கிறார். பறவை, விலங்கு, செடிகொடிகளின் பெயர்களையும் கற்றுக்கொள்ளலாம் என்று கூடவே சேர்த்துக்கொள்கிறார். மனக்குறையை வெளியிடுவது இந்தப் பட்டியலில் இருப்பதைப் பின்வந்தவர்கள் மறக்கவில்லை.

மென்சியஸ் வாசகரின் பக்கம் திரும்பினார். தனிச்சொல்லைப் பிடித்துக்கொண்டு வரியின் கருத்தைக் கெடுக்கக் கூடாது. வரியைப் பிடித்துக்கொண்டு எழுதியவரின் உள்ளக்கிடக்கையைக் கெடுக்கக் கூடாது. வாசகர் தம் அறிவால் அதை எதிர்சென்று சந்திக்க வேண்டும் என்றார். பழையவர்களின் கவிதையைப் படிப்பவர் அவர்களையும் அவர்கள் காலத்தையும் அறிய வேண்டும் என்பதும் அவர் வகுத்த விதி. சீன உரையாசிரியர்கள் ஒவ்வொரு கவிஞருக்கும் ஆண்டுவாரியான வாழ்க்கைக் குறிப்பைத் தொகுக்கும் பழக்கத்துக்கு இந்த இரண்டு கருத்துகளும் கால்கோளிட்டன.

ஷாங்காய் அருங்காட்சியகம் 1994இல் ஹாங்காங்கில் வாங்கிய, ஹான் காலத்துக்கு முந்தைய மூங்கில் ஏடுகளில் கவிதையைப் பற்றிய கன்பூசியஸ் மரபு உரை ஒன்று கிடைத்தது. 29 ஏடுகள், ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள், 2001இல் வெளியிடப்பட்டது. கவிதை உள்ளக்கிடக்கையை ஒளிக்கலாகாது, இசை உணர்ச்சியை ஒளிக்கலாகாது என்ற வகையில் அது பேசுகிறது. ஹான் காலத்துக்கு முன்பே இக்கொள்கை பள்ளிப்பாடமாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மாவ் பாயிரம்

ஹான் அரசமரபில் கவித்தொகைக்கு லூ, சீ, ஹான், மாவ் என நான்கு உரைமரபுகள் இருந்தன. அவற்றுள் முழுமையாகத் தங்கியது மாவ் மட்டுமே. அதன் முகப்பிலுள்ள 'பெரும் பாயிரம்' சீனக் கவிதையியலில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட சில பக்கங்களுள் ஒன்று. கன்பூசியஸின் மாணவர் ஸி ஷியா எழுதியது என்றும், கி.பி. முதல் நூற்றாண்டின் வெய் ஹோங் எழுதியது என்றும் இருவேறு மரபுகள் உண்டு.

பாயிரம் பழைய கொள்கையை எடுத்துக்கொண்டு அதற்கு ஓர் உடல் கொடுத்தது. உள்ளத்தில் இருக்கும்வரை நாட்டம், சொல்லாகி வெளிவந்தால் கவிதை. உணர்ச்சி உள்ளே அசையும்போது சொல் பிறக்கிறது. சொல் போதாதபோது பெருமூச்சு, அதுவும் போதாதபோது பாட்டு, பிறகு தன்னையறியாமல் கையும் காலும் ஆடத் தொடங்கும். அந்தரங்க அனுபவமான இந்த விளக்கம் அடுத்த பத்தியிலேயே அரசியலாகிவிடுகிறது. நல்லாட்சியின் பாட்டில் அமைதி தெரியும், சீர்கெட்ட ஆட்சியின் பாட்டில் சினம் தெரியும், அழியும் நாட்டின் பாட்டில் துயரம் தெரியும். மேலிருப்பவர் பாட்டால் கீழிருப்பவரைத் திருத்துகிறார். கீழிருப்பவர் பாட்டால் மேலிருப்பவரைக் குத்திக்காட்டுகிறார். சுற்றிவளைத்து நயமாகச் சொன்னால் சொன்னவருக்குக் குற்றமில்லை, கேட்டவருக்கு எச்சரிக்கையாகும். உணர்ச்சியிலிருந்து எழுந்தாலும் பாட்டு ஒழுக்கத்தின் எல்லையில் நின்றுவிட வேண்டும் என்ற கடிவாளமும் உண்டு.

சொன்னவருக்குக் குற்றமில்லை என்ற அந்த வாக்குறுதியைச் சீன அரசு பலமுறை மீறியது. ஆனாலும் கவிஞர்கள் தம்மைக் காத்துக்கொள்ள அதையே எடுத்துக்காட்டி வந்தார்கள்.

இந்தப் பார்வை உரைகளை எங்கே கொண்டுபோனது என்பதற்குத் தொகுப்பின் முதல் பாடலே போதும். ஆற்றுத் தீவில் பறவைகள் கூவ, ஓர் இளைஞன் ஒரு பெண்ணை நினைத்துத் தூக்கமின்றிப் புரள்கிறான். பாடலில் இருப்பது இவ்வளவுதான். பட்டத்தரசி பொறாமையின்றித் தன் கணவருக்கு நல்ல பெண்களைத் தேடும் பண்பைப் புகழ்வதாக மாவ் மரபு இதை விளக்கியது. அரசர் காங் காலையில் தாமதமாக எழுந்ததைக் கண்டிக்கும் பாடல் என்றது லூ மரபு. ஒன்றுக்குப் புகழ், மற்றதற்குப் பழிப்பு. பாடல் அரண்மனையைப் பற்றியது என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமே இல்லை. கவிதை எனில் ஆட்சியைப் பற்றிய உள்ளக்கிடக்கை இருந்தே தீர வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டவர்களுக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

ஆயினும் காதல் பாடல்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் பள்ளிகளில் மனப்பாடம் செய்யப்பட்டதும், அழியாமல் நமக்கு வந்ததும் இந்த உரைகளின் தயவால்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

உணர்ச்சியின் பக்கம்

ஹான் பேரரசு வீழ்ந்த பிறகு, அரசுப்பணி உயிருக்கே ஆபத்தானபோது, கவிஞர்கள் தம் உள்ளத்தைப் பாடவும் வேண்டும் மறைக்கவும் வேண்டும் என்ற நிலை வந்தது. ருவான் ஜி (210–263) எழுதிய 82 உள்ளப் பாடல்கள் இதன் விளைவு. அவற்றில் எது யாரைக் குறிக்கிறது என்று அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குள்ளேயே உரையாசிரியர்கள் திணறத் தொடங்கிவிட்டார்கள்.

லூ ஜி (261–303) தம் வென் ஃபூ என்ற செய்யுள் கட்டுரையில், கவிதை உணர்ச்சியிலிருந்து பிறப்பது, நுண்ணிய அழகுடையது என்று எழுதினார். ஒழுக்கத்தின் எல்லை பற்றி அந்த இடத்தில் அவர் பேசவில்லை. பிற்காலத்தில் இதை ஷி யென் ஜிக்கு எதிர்க்கொள்கையாகக் கொண்டு இரு கட்சி கட்டினார்கள். லூ ஜிக்கு அப்படியொரு கலகம் செய்யும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. கி.பி. 500ஐ ஒட்டி ஐம்பது அத்தியாயங்களில் வென்ஷின் தியாவ்லோங் என்ற பெருநூலை எழுதிய லியூ ஷியே, உணர்ச்சி இருப்பதால் எழுதுவதையும், எழுதுவதற்காக உணர்ச்சியைத் தயாரிப்பதையும் பிரித்துக் காட்டினார். அவருடைய சமகாலத்தவரான ஜோங் ரோங் 120க்கும் மேற்பட்ட கவிஞர்களை மூன்று தரங்களாகப் பிரித்தார். பிரிவு, நாடுகடத்தல், கைவிடப்படுதல் ஆகியவையே கவிதைக்கு ஊற்று என்றார். தாங் காலத்தில் கோங் யிங்தா (574–648) அரசாங்க உரையில் உணர்ச்சியும் உள்ளக்கிடக்கையும் ஒன்றே என்று எழுதிப் பூசலைத் தீர்த்துவைத்தார். அலுவலகத் தீர்ப்பு என்றாலும் நல்ல தீர்ப்பு. இதன் பிறகு 'ஜி' என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் வைக்க இடம் கிடைத்தது.

கொள்கை எல்லை கடந்தும் சென்றது. 905ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ஜப்பானியக் கவிதைத் தொகுப்பான கொகின்ஷூவுக்குக் கி நோ ட்சுராயுகி எழுதிய முன்னுரையில் மாவ் பாயிரத்தின் சாயல் தெளிவாக உண்டு. கவிதையின் வித்து மனித உள்ளத்தில் இருக்கிறது என்று அவரும் தொடங்குகிறார். அரசியல் கண்டனத்தை மட்டும் பெரும்பாலும் விட்டுவிட்டார்.

பாய் ஜூயி

பாயிரத்தை எழுத்துக்கு எழுத்து நம்பி அதன்படி நடந்த பெருங்கவிஞர் பாய் ஜூயி (772–846). பேரரசருக்குத் தவறுகளைச் சுட்டிக்காட்டும் அலுவலராக இருந்தபோது, மனுவில் சொல்ல முடியாததைக் கவிதையில் சொன்னார். 809இல் ஐம்பது 'புதிய இசைத்துறைப் பாடல்'களை எழுதினார். கரி விற்கும் கிழவர், போருக்குப் போகாதிருக்கத் தன் கையைத் தானே முறித்துக்கொண்டவர், அரண்மனையில் அடைபட்டு முதுமையடைந்த பெண் ஆகியோர் அவற்றில் பேசினார்கள். ஒவ்வொரு பாடலுக்கும் இது எதைக் கண்டிக்கிறது என்று தலைப்பின்கீழ் குறிப்பும் எழுதிவைத்தார். உரையாசிரியருக்கு வேலை வைக்கவில்லை.

815இல் முதலமைச்சர் படுகொலை செய்யப்பட்டபோது, கொலையாளிகளை உடனே பிடிக்க வேண்டும் என்று அதிகார வரம்பு மீறி மனு கொடுத்தார். அவருடைய பகைவர்கள் வேறொரு குற்றத்தையும் கண்டுபிடித்தார்கள். மலர் பார்க்கப் போன அவருடைய தாய் கிணற்றில் விழுந்து இறந்திருக்க, மகன் மலரையும் கிணற்றையும் பாடினார், இது மகனுக்கு அடுக்காது என்றார்கள். அவர் ஜியாங்ஜோவுக்குச் சிறு பதவியில் அனுப்பப்பட்டார். அங்கிருந்து நண்பர் யுவான் ஜென்னுக்கு எழுதிய கடிதம்தான் இக்கொள்கையின் மிகக் கடுமையான வடிவம். உணர்ச்சி வேர், சொல் தளிர், ஒலி பூ, பொருள் கனி என்று தொடங்கி, கவிதை தன் காலத்துக்காகவும் நடப்புகளுக்காகவும் எழுதப்பட வேண்டும் என்கிறார். இந்த அளவுகோலால் அளந்தால் லி பாய் கவிதைகளில் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. து ஃபூவிலேயே முப்பது நாற்பதுதான் தேறும்!

அதே கடிதத்தில், மக்கள் விரும்பிப் படிப்பது தம்முடைய கண்டனப் பாடல்களை அல்ல, பேரரசரின் காதலைச் சொல்லும் நெடும்பாடலையும் சிறு பாடல்களையும்தான் என்றும் அவர் குறைப்படுகிறார். அதுவே இன்றுவரை நிலைமை. எந்தக் கொள்கையாலும் வாசகரின் சுவையை மாற்ற முடியவில்லை என்பதற்கு அதன் தீவிர ஆதரவாளரே சாட்சி சொல்லியிருக்கிறார்.

கவிதை வழக்காதாரம் ஆதல்

பாடல் உள்ளத்தைக் காட்டும் என்றால், பாடலைக் கொண்டு உள்ளத்தைத் தண்டிக்கவும் முடியும். 1079இல் சூ ஷி (1037–1101) ஹுஜோவில் ஆளுநராக இருந்தபோது கைதுசெய்யப்பட்டுத் தலைநகரின் கண்காணிப்பு மன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார். முதலமைச்சராயிருந்த வாங் அன்ஷியின் புதிய சட்டங்களைக் கவிதைகளில் ஏளனம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணைப் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. மலைக்கிராமத்துக் கிழவர் மூன்று மாதமாக உப்பின் சுவை அறியாதிருப்பதைச் சொல்லும் பாடல், அரசின் உப்பு ஏகபோகத்தைக் கண்டிப்பது என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வரிவரியாகத் தம் கவிதைக்குத் தாமே உரை எழுதினார், சிறையில்.

அந்த அதிகாரிகள் கவிதையைத் தவறாகப் படித்தார்கள் என்று சொல்வது எளிது. உண்மையில் மாவ் மரபு சொல்லிக்கொடுத்தபடிதான் படித்தார்கள். பல இடங்களில் சரியாகவே படித்தார்கள். அவர்கள் மீறியது, சொன்னவருக்குக் குற்றமில்லை என்ற பாயிரத்தின் மறுபாதியை. சூ ஷி எழுதிய ஒரு மரத்தைப் பற்றிய பாடலில் பேரரசருக்கு எதிரான பொருள் இருப்பதாக ஒருவர் கோள் சொன்னபோது, அவர் மரத்தைப் பாடுகிறார், அதில் எனக்கென்ன என்று பேரரசர் ஷென்ஸோங் கேட்டதாக ஒரு செய்தி உண்டு. இந்த விவகாரத்தில் அவர் ஒருவர்தான் கவிதையைக் கவிதையாகப் படித்தார் போலும். சூ ஷி உயிர்தப்பி ஹுவாங்ஜோவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அவருடைய நண்பர் ஹுவாங் திங்ஜியான் பின்னாளில், கவிதை என்பது அவையில் நின்று வாதாடுவதோ தெருவில் நின்று திட்டுவதோ அல்ல, மனிதரின் இயல்பும் உணர்வும்தான் என்று எழுதினார். அச்சத்தில் பிறந்த அழகியல் என்று இதைக் குறைசொல்வோர் உண்டு. இதற்கிடையில் ட்ஸி என்ற இசைப்பாடல் வடிவம், காதலையும் சொந்தத் துயரையும் ஏற்றுக்கொண்டு வளர்ந்தது. உள்ளக்கிடக்கைக்கு ஷி என்ற மரபுக்கவிதை, உணர்ச்சிக்கு ட்ஸி என்று ஒரு பாகப்பிரிவினை ஏற்பட்டது; ஒரே ஆள் இரண்டிலும் இருவேறு மனிதராக எழுதினார்.

ஜூ ஷி முதல் யுவான் மேய் வரை

கவித்தொகையைப் பாயிரங்களின் பிடியிலிருந்து விடுவித்தவர் ஜூ ஷி (1130–1200). நாட்டுப்பாடல்கள் பல ஆணும் பெண்ணும் பாடிக்கொண்ட காதல் பாட்டுகளே என்று துணிந்து எழுதினார். துணிவு அத்தோடு நின்றது. அவற்றுள் சிலவற்றை ஒழுக்கக்கேடானவை என்று வகைப்படுத்தி, படிப்பவர் தம் மனத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ள அவை எச்சரிக்கையாகும் என்றார். இலக்கியக் கண் திறந்தது, ஒழுக்கக் கண் மூடவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஷென் தெச்சியான் (1673–1769) மென்மையும் கனிவும் கொண்ட, அரசுக்கு ஏற்ற கவிதையைப் போதித்துச் சியான்லோங் பேரரசரின் அன்பைப் பெற்றார். யுவான் மேய் (1716–1798) அவரை எதிர்த்து, காதல் கவிதையைத் தொகுப்புகளிலிருந்து ஏன் விலக்க வேண்டும் என்று கேட்டார். அவர் கொள்கையைத் தாக்கவில்லை. உள்ளக்கிடக்கையை அவ்வளவு குறுக்கிப் பார்க்கக் கூடாது, வாழ்நாள் முழுவதற்குமான நாட்டம் உண்டு, ஒரு நாளளவுக்கான நாட்டமும் உண்டு, ஒரு கணத்தோடு முடிவதும் உண்டு என்றார். சீனக் கவிதையியலின் வழக்கமான உத்தி இது: பழைய சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே அதன் உள்ளடக்கத்தை மாற்றுவது. மென்மையைப் போதித்த ஷென் தெச்சியானின் கதி வேறு. அரசுக்கு எதிரானதாகக் கருதப்பட்ட ஒரு கவிஞருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதியிருந்தார் என்று, இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 1778இல், அவருடைய பட்டங்கள் அனைத்தும் பறிக்கப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டு

1932இல் பீக்கிங்கில் ஆற்றிய உரைகளில் ஜோவ் ஸுவோரென், சீன இலக்கிய வரலாறு முழுவதையும் இரு நீரோட்டங்களாகப் பிரித்தார்: உள்ளத்தை உரைப்பது, நெறியைச் சுமப்பது. முன்னதைத் தனிமனிதரின் சுதந்திர வெளிப்பாடு என்று அவர் பொருள்கொண்டார். ஜூ ஸிச்சிங்கின் ஆய்வு இதை ஏற்கவில்லை. பாடலை அரசருக்கு அளித்தல், விருந்தில் சொல்லுதல், பாடமாகக் கற்பித்தல், தாமே இயற்றுதல் என நான்கு நிலைகளாக வரலாற்றைப் பிரித்து, பண்டைக் காலத்தில் உள்ளக்கிடக்கை என்றாலே அரசும் ஒழுக்கமும்தான் என்று காட்டினார். ஆகவே நெறியைச் சுமப்பதற்கு அது எதிரி அல்ல, உறவினர். சான்றுகள் இவர் பக்கமே இருக்கின்றன.

1945இல் சோங்சிங்கில் கவிஞர் ஷு சி கேட்டுக்கொண்டபோது, மாவ் சே துங் தூரிகையால் எழுதிக் கொடுத்ததும் ஷி யென் ஜி என்ற மூன்று எழுத்துகளைத்தான். யாருடைய உள்ளக்கிடக்கை, எதைப் பற்றியது என்ற பழைய கேள்வி அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் பல எழுத்தாளர்களுக்கு உயிர்ப் பிரச்சினையானது.

கவித்தொகையிலிருந்து தெரிந்தெடுத்த பாடல்களைப் பயணி என்பவர் சீன மொழியிலிருந்து நேராகத் தமிழாக்கியிருக்கிறார். காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது. அதைக் கையில் எடுப்பவர் முதலில் பாடலைப் படித்து, மாவ் உரை அதற்கு என்ன சொன்னது என்பதைப் பிறகு தேடிப் பார்ப்பது நல்லது.